ஜிம் சந்தா: விலகும் உரிமை எங்கே?

"கட்டிய கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்பட மாட்டாது." ஜிம் ரசீதின் அடியில், மற்ற எழுத்துகளைவிடப் பொடியாக, இப்படி ஒரு வரி அச்சாகியிருக்கும். சேருகிற நாளில் அதை யாரும் படிப்பதில்லை. விலக வேண்டும் என்று போய் நிற்கும் நாளில்தான் கவுன்ட்டரில் இருப்பவர் அந்த வரியின்மேல் விரலை வைக்கிறார். 'நீங்கதானே சார் கையெழுத்துப் போட்டீங்க' என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஆண்டுச் சந்தாவில் எட்டு மாதம் மிச்சமிருந்தாலும் சரி, பத்து மாதம் மிச்சமிருந்தாலும் சரி, அந்தப் பணத்தைத் தலைமுழுகிவிட்டு வீடு திரும்புகிறார்கள். அச்சில் இருப்பதாலேயே அந்த வரியைச் சட்டம் என்று நம்பிவிடுகிறோம். அது சட்டம் அல்ல. விலகுகிறேன் என்று ஒருவர் எழுதிக் கொடுத்த தேதிவரை உள்ள கட்டணம் ஜிம்முக்குச் சேர வேண்டியது. அதற்குப் பிந்தைய மாதங்களின் பணம் அவருடையது. இந்தக் கணக்கு ஏன் நியாயம், அது ஏன் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை, வர என்ன செய்ய வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் பொருள்.

சென்னைக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டக் கடற்கரையில் உள்ள காட்டுப்பள்ளியை வைத்து இதைப் பேசக் காரணம் இருக்கிறது. 2001இல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டது; இன்று அது காமராஜர் துறைமுகம். 2010இல் காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. பிறகு கப்பல் கட்டும் தளமும் சரக்குப் பெட்டகத் துறைமுகமும் வந்தன. பக்கத்திலேயே வடசென்னை, வல்லூர் அனல்மின் நிலையங்கள். வடக்கே போனால் கும்மிடிப்பூண்டி சிப்காட். மீன்பிடிக் குப்பங்களும் உப்பளங்களும் இருந்த இந்தக் கரை முழுக்க இன்று ஷிப்ட் வேலையின் நிலம். கப்பல்தளத்தில் ஒரு பழுதுபார்ப்பு முடிந்தால் ஒப்பந்ததாரரின் வொர்க் ஆர்டர் முடியும்; வொர்க் ஆர்டர் முடிந்தால் தொழிலாளியின் கேட் பாஸும் முடியும். மின்நிலையத்தில் ஷட்டவுன் எடுத்தால் சில வாரங்களுக்கு ஆள் குவியும், வேலை தீர்ந்ததும் வேறு ஊர் போகும். உள்ளூர் இளைஞர், தென்மாவட்டத்திலிருந்து வந்த டிப்ளமோக்காரர், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த வெல்டர் என்று மீஞ்சூர், அத்திப்பட்டு, பொன்னேரி வாடகை அறைகளில் தங்கியிருப்பவர்களில் பலருக்கு அடுத்த ஆறு மாதம் எங்கே இருப்போம் என்பது தெரியாது. அவர்களிடம்தான் 'பன்னிரண்டு மாதம் கட்டினால் ஆஃபர்' என்று ஜிம் சொல்கிறது.

நடைப்பயிற்சி போகலாமே, ஜிம் எதற்கு என்று கேட்பவர்கள் அந்தச் சாலைகளை ஒருமுறை பார்க்க வேண்டும். பெட்டக லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலையோரம், நிலக்கரித் தூளும் அனல்மின் சாம்பலும் படிந்த காற்று, இரவு ஷிப்ட் முடித்து வருபவருக்கு வெயில் ஏறிய பிறகே கிடைக்கும் ஓய்வு நேரம். இவற்றுக்கு நடுவே உடம்பைப் பேண நினைக்கும் ஒருவருக்குக் கூரைக்குக் கீழே, பூட்டாமல் திறந்திருக்கும் இடம் தேவைப்படுகிறது. அது ஆடம்பரம் அல்ல. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்தி 2023இல் வெளியிட்ட நாடுதழுவிய ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. உடற்பயிற்சி செய்யுங்கள் என்று மருத்துவர்கள் சொல்லாத நாளில்லை. அரசும் இதை ஒப்புக்கொண்டிருக்கிறது: ஜிம் கட்டணத்தின்மீது 18 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பொதுமக்களின் தேவை என்று வரியைக் குறைத்த அரசு, அந்தத் தேவையை விற்கும் முறை சரியா என்றும் பார்த்திருக்க வேண்டும். அந்தப் பாதி வேலை அப்படியே நிற்கிறது.

ஜிம் தொழிலின் கணக்கு மற்றக் கடைகளின் கணக்கைப் போன்றதல்ல. மளிகைக் கடைக்காரருக்கு வாடிக்கையாளர் அடிக்கடி வருவதில் லாபம். ஜிம்முக்கு, ஆண்டுப் பணத்தைக் கட்டியவர் எவ்வளவு குறைவாக வருகிறாரோ அவ்வளவு நல்லது. வாடகை, கரன்ட் பில், ட்ரெட்மில்லின் தவணை, மாஸ்டரின் சம்பளம் எல்லாம் பத்துப் பேர் வந்தாலும் நூறு பேர் வந்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஐம்பது பேர் நிற்க முடியாத கூடத்தில் ஐந்நூறு பேரைச் சேர்க்கலாம், எல்லோரும் ஒரே நேரத்தில் வராத வரைக்கும். இதைப் பொருளாதார அறிஞர்கள் ஸ்டெஃபனோ டெல்லாவினாவும் உல்ரிகே மால்மெண்டியரும் 2006இல் புள்ளிவிவரத்தோடு நிறுவினார்கள். அமெரிக்காவில் மூன்று உடற்பயிற்சிக் கிளப்புகளின் 7,752 உறுப்பினர்களின் மூன்றாண்டு வருகைப் பதிவை அவர்கள் எடுத்து ஆராய்ந்தார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டிய உறுப்பினர்கள் சராசரியாக மாதத்துக்கு 4.3 முறைதான் வந்தார்கள். அதாவது ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் கொடுத்தார்கள். அதே கிளப்பில் பத்து வருகைக்கான சீட்டு வாங்கியிருந்தால் ஒரு வருகைக்கு 10 டாலர்தான். கடைசியாக வந்த நாளுக்கும் சந்தாவை முடித்த நாளுக்கும் இடையே சராசரியாக இரண்டு மாதத்துக்கும் மேல் பணம் போய்க்கொண்டே இருந்தது. நாளை முதல் தவறாமல் போவோம் என்று மனிதர் தன்னைப் பற்றிக் கட்டும் கணக்கு பிசகுகிறது. அந்தப் பிசகுதான் தொழிலின் வருமானம்.

அந்த ஆய்வு ஒரே ஊரில் நிலையாக இருந்து, ஜிம்முக்குப் போக மனம் மட்டும் போதாமல் இருந்தவர்களைப் பற்றியது. காட்டுப்பள்ளிக்காரரின் சிக்கல் அதைவிடக் கனமானது. ஒரு வாரம் காலை ஷிப்ட், அடுத்த வாரம் மதியம், அதற்கடுத்த வாரம் இரவு என்று மாறும் ஒருவருக்கு, காலை ஐந்து முதல் பத்து, மாலை நான்கு முதல் பத்து என்று திறந்திருக்கும் ஜிம் எல்லா வாரமும் ஒரே நேரத்தில் கைக்கு எட்டாது. ஓவர்டைம் வந்தால் கிடைக்கும் நேரமும் குறையும். பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத்திருத்தம் 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டப்பேரவையில் நிறைவேறி, தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் அடுத்த மாதமே திரும்பப் பெறப்பட்டது. அந்த விவாதத்தில் தொழிற்சங்கங்கள் கேட்டது வேலைக்கும் உறக்கத்துக்கும் நடுவே மனிதருக்கு ஒரு நேரம் வேண்டும் என்பதுதான். அந்த நேரம் எப்போது கிடைக்கும், எப்போது பறிபோகும் என்பதைத் தொழிலாளி தீர்மானிப்பதில்லை. ஷிப்ட் ரோஸ்டர் தீர்மானிக்கிறது, ஒப்பந்ததாரர் தீர்மானிக்கிறார். தன் கையில் இல்லாத பன்னிரண்டு மாதங்களை அவர் முன்கூட்டியே விலைகொடுத்து வாங்குகிறார்.

சோம்பேறித்தனத்துக்கு ஜிம் எப்படிப் பொறுப்பாகும் என்பதுதான் முதலில் வரும் கேள்வி. அந்தக் கேள்வியை நான் ஒதுக்கிவிடவில்லை. உறுப்பினராக இருந்துகொண்டே வராமல் இருப்பது வேறு, விலகுகிறேன் என்று சொல்வது வேறு. முன்னதில் ஜிம் கதவைத் திறந்து வைத்திருந்தது, விளக்கும் மின்விசிறியும் ஓடின, மாஸ்டர் இருந்தார். வராதவர் அந்த நாட்களுக்குக் கட்டணம் கொடுக்கத்தான் வேண்டும். பேருந்தில் சீசன் டிக்கெட் எடுத்துவிட்டு வீட்டில் இருந்தால் பணம் திரும்பாது என்பதைப் போல. ஆனால் 'இனி எனக்கு இந்தச் சேவை வேண்டாம், என் இடத்தை வேறு யாருக்காவது கொடுங்கள்' என்று எழுத்தில் சொன்ன பிறகு நிலைமை மாறிவிடுகிறது. அன்றிலிருந்து ஜிம் அவருக்கு எதையும் தரப்போவதில்லை. தராத ஒன்றுக்கு விலையை மட்டும் வைத்துக்கொள்கிறது. சோம்பல் பற்றிய வாதம் விலகும் தேதிவரைதான் செல்லும். அதற்கு அப்பால் அதை இழுத்துப் போவது, ஒருவரின் பலவீனத்தைச் சொல்லி அவர் பணத்தை எடுத்துக்கொள்வதற்குச் சமம்.

அடுத்த கேள்வி ஜிம் நடத்துபவர்களுடையது. அது கூடுதல் மதிப்புடன் கேட்கப்பட வேண்டியது. சிறிய ஊர்களில் ஜிம் நடத்துபவர் பெரும்பாலும் கோடீஸ்வரர் அல்லர். கடன் வாங்கி இயந்திரம் இறக்கியிருப்பார், கட்டட உரிமையாளருக்கு அட்வான்ஸ் கொடுத்திருப்பார், தானே மாஸ்டராகவும் நிற்பார். ஆண்டுச் சந்தாவுக்குத் தள்ளுபடி கொடுத்ததே மொத்தமாகப் பணம் வரும் என்ற நம்பிக்கையில்தான். தள்ளுபடியையும் வாங்கிக்கொண்டு மூன்றாம் மாதம் விலகினால் எங்கள் கதி என்ன என்று அவர் கேட்கிறார். சரியான கேள்வி. இதற்குக் கணக்கிலேயே பதில் இருக்கிறது. மாதக் கட்டணம் 1,500 ரூபாய், ஆண்டுக்கு மொத்தமாகக் கட்டினால் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதம் வந்துவிட்டு விலகுகிறவரிடம் தள்ளுபடி விலையில் 3,000 ரூபாய் எடுக்க வேண்டாம். மாத விலையிலேயே 4,500 ரூபாயை எடுத்துக்கொண்டு 7,500 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தால் போதும். சேர்க்கைக் கட்டணம் என்று தனியாக ஒரு தொகை வாங்கியிருந்தால் அதையும் வைத்துக்கொள்ளட்டும். மூன்று மாதத்துக்கு மட்டும் சேர்ந்திருந்தால் ஜிம்முக்கு என்ன கிடைத்திருக்குமோ அது முழுதாகக் கிடைத்துவிட்டது, தள்ளுபடி வீணாகவில்லை. இந்தக் கணக்கிலும் நட்டம் என்று ஒரு ஜிம் சொன்னால், வராதவர்களின் பணத்தை நம்பித்தான் அது கடை திறந்திருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட தொழிலைக் காப்பாற்றுவது உறுப்பினரின் கடமை அல்ல.

'ஃப்ரீஸ் பண்ணித் தருகிறோம், நண்பருக்கு மாற்றித் தருகிறோம்' என்று சில இடங்களில் சொல்வார்கள். ஊரைவிட்டே போகிறவருக்கு ஃப்ரீஸ் எதற்கு உதவும்? மாற்றுவதற்கென்று தனிக் கட்டணம் வேறு. இவை விலகும் உரிமைக்கு ஈடாக மாட்டா.

இனி சட்டம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவிலேயே, ஒப்பந்தத்தை முறித்தவரிடமிருந்து அபராதத் தொகை என்று எழுதிவைத்ததை முழுக்க வசூலிக்க முடியாது, நியாயமான இழப்பீடுதான் பெறலாம் என்கிறது. 1986இல் மத்திய உள்நாட்டு நீர்வழிப் போக்குவரத்துக் கழகத்துக்கும் பிரோஜோ நாத் கங்கூலிக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. பேரம் பேசும் வலிமை இல்லாதவர், புள்ளியிட்ட கோட்டில் கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறு வழியில்லாத நிலையில் ஏற்ற நியாயமற்ற விதி செல்லாது என்று தீர்ப்பளித்தது. 2019 ஏப்ரலில் பயனியர் என்ற கட்டுமான நிறுவனத்தின் அடுக்குமாடி வீடு தொடர்பான வழக்கில், ஒருதலைப்பட்சமான விதிகளை ஒப்பந்தத்தில் எழுதிவைப்பதே முறையற்ற வணிக நடைமுறை என்றும், அவை வாங்குபவரைக் கட்டுப்படுத்தா என்றும் அதே நீதிமன்றம் சொன்னது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்பதற்குத் தனி விளக்கமே தந்தது. எதிர்த்தரப்புக்கு ஏற்பட்ட இழப்புக்குச் சற்றும் பொருந்தாத தண்டத்தை நுகர்வோர்மேல் சுமத்தும் விதி, காரணமற்ற கட்டணத்தையோ நிபந்தனையையோ சுமத்தி அவரைப் பாதகமான நிலையில் தள்ளும் விதி ஆகியவை அதில் அடங்கும். பத்து மாதச் சந்தாவை மொத்தமாக விழுங்கும் ரசீது வரிக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எழுத முடியாது. பயிற்சி தரமில்லை, இயந்திரங்கள் பழுது, சொன்ன மாஸ்டர் இல்லை என்றால் வாதம் இன்னும் வலுக்கிறது. குறையுள்ள சேவையை நிறுத்திப் பணத்தைத் திருப்பித் தர மறுப்பதும், ரசீதே தராமல் இருப்பதும் இதே சட்டத்தின்படி முறையற்ற வணிக நடைமுறைகள்.

இவ்வளவு இருந்தும் ஜிம் கவுன்ட்டரில் அந்த விரல் ஏன் நடுங்கவில்லை? சட்டத்தின் கதவு எங்கே இருக்கிறது என்று பார்த்தால் புரியும். நியாயமற்ற ஒப்பந்தம் பற்றிய புகாரை விசாரித்து, அதன் விதியைச் செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரத்தை 2019 சட்டம் மாவட்ட ஆணையத்துக்குத் தரவில்லை. மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும்தான் தந்திருக்கிறது. 12,000 ரூபாய்ச் சந்தாவில் உள்ள ஒரு வரியைச் செல்லாததாக்க மீஞ்சூர்க்காரர் சென்னைக்குப் போக வேண்டும். சேவைக் குறைபாடு, முறையற்ற வணிக நடைமுறை என்ற வகையில் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். அது திருவள்ளூரில் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி ரயில் பாதையும் திருவள்ளூர் ரயில் பாதையும் ஒரே மாவட்டத்தில் ஓடுகின்றன, ஆனால் சந்திப்பது சென்னைக்குள் பேசின் பிரிட்ஜில்தான். மீஞ்சூரிலிருந்து மாவட்டத் தலைநகருக்கு ரயிலில் போக நினைப்பவர் முதலில் சென்னைக்குப் போய் வண்டி மாற வேண்டும். ஒரு வாய்தாவுக்கு ஒரு நாள் சம்பளம் போகும். நாலைந்து வாய்தாவில் கேட்கும் பணமே கரைந்துவிடும். இதை எந்த ஜிம்மும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை, அனுபவத்திலேயே தெரிந்திருக்கும்.

கதவு தூரம் என்பது உண்மை. பூட்டியிருக்கிறது என்பது உண்மையல்ல. 5 லட்சம் ரூபாய்வரை உள்ள புகார்களுக்கு நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஜிம்மின் தலைமையிடம் எங்கிருந்தாலும், புகார்தாரர் குடியிருக்கும் ஊரின் ஆணையத்திலோ அவர் வேலை செய்யும் ஊரின் ஆணையத்திலோ தாக்கல் செய்யலாம் என்பது 2019 சட்டம் கொண்டுவந்த பெரிய மாற்றம். இணையத்திலேயே புகாரைப் பதிவு செய்யலாம்; காணொலியில் ஆஜராக அனுமதி கேட்கலாம். ஆய்வகச் சோதனை தேவைப்படாத புகார்களை மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. இவற்றையெல்லாம்விட முக்கியமானது 35ஆம் பிரிவு. ஒரே குறை உள்ள பல நுகர்வோருக்காக, ஆணையத்தின் அனுமதியோடு, ஒருவரோ சிலரோ சேர்ந்து ஒரே புகார் கொடுக்கலாம். ஒருவருக்கு 7,500 ரூபாய் என்பது சின்னத் தொகைதான். இதற்குப் போய் வழக்கா என்று வீட்டிலும் கேட்பார்கள். ஒரே ஜிம்மில் பணம் கட்டிய நாற்பது பேர் சேர்ந்தால் அது 3 லட்சம் ரூபாய். ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போய், ஒரே கேன்டீனில் சாப்பிடும் தொழிலாளர்கள் நாற்பது பேரைச் சேர்ப்பதற்கு நகரத்து அடுக்குமாடிக்காரர்களைவிட வசதி அதிகம். தொழிற்சங்கங்கள் இதைக் கையில் எடுக்க வேண்டும். சம்பளத்தில் நூறு ரூபாய் குறைந்தால் கேட்கிறோம். சம்பளம் வாங்கிய பிறகு வெளியே பிடுங்கப்படும் ஏழாயிரத்தைப் பற்றியும் கேட்கலாம்.

முன்பணத்தின் இன்னொரு ஆபத்து ஜிம்மே மூடிவிடும்போது வருகிறது. 1932இல் மும்பையில் தொடங்கி, 2010இல் பங்குச்சந்தைக்கு வந்து, சென்னை உட்படப் பல நகரங்களில் கிளை பரப்பிய தல்வால்கர்ஸ் ஜிம் நிறுவனம் 2019இல் கடன் தவணை கட்ட முடியாமல் சரிந்தது. பங்குச்சந்தையில் இருந்த நிறுவனத்தின் கதியே இதுவென்றால், கடைவீதியில் மாடியில் நடக்கும் ஜிம்மைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆண்டுச் சந்தா கட்டியவர் உண்மையில் அந்த நிறுவனத்துக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்தவர். வங்கி கடன் கொடுத்தால் அடமானம் கேட்கும். இவர் எதையும் கேட்காமல் கொடுத்திருக்கிறார். நிறுவனம் நொடித்தால் வங்கிகளுக்கெல்லாம் பின்னால் வரிசையில் நிற்கிறார். இதைவிடக் கொடுமை, பணத்தை இ.எம்.ஐ.யில் கட்டியவரின் நிலை. ஜிம்மோடு உறவு முடிந்தாலும் கடன் கொடுத்த நிதி நிறுவனத்தோடு முடியாது. தவணை நின்றால் சிபில் மதிப்பெண் விழும். நாளைக்கு பைக் கடன் கேட்டுப் போனால் அங்கே தெரியும். யு.பி.ஐ. ஆட்டோபே மூலம் மாதாமாதம் கட்டுபவர் இவர்களைவிடக் கொடுத்துவைத்தவர். பணம் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அனுமதியைத் தன் செயலியிலேயே அவர் ரத்து செய்துகொள்ளலாம். மாதக் கட்டணம் சற்றுக் கூடுதலாக இருந்தாலும் ஷிப்ட் தொழிலாளிக்கு அதுவே லாபம் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

ஒப்பந்தம் என்றால் ஒப்பந்தம், அரசு ஏன் தலையிட வேண்டும் என்று வாதிடுபவர்களும் உண்டு. இதே நாட்டில் இதே அரசு மற்ற முன்பணங்களில் தலையிட்டிருக்கிறது என்பதே அதற்குப் பதில். வீடு வாங்குபவர் கொடுக்கும் பணத்தில் 70 சதவீதத்தைக் கட்டுமான நிறுவனம் தனிக் கணக்கில் வைக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் கட்டளையிட்டது. ஆயுள் காப்பீடு எடுத்தவர் 30 நாளுக்குள் மனம் மாறினால் பாலிசியைத் திருப்பிக் கொடுக்கலாம். நமக்கு மிக நெருக்கமான முன்மாதிரி 2024 ஜனவரியில் மத்தியக் கல்வி அமைச்சகம் கோச்சிங் மையங்களுக்கு வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறை. முழுக் கட்டணத்தையும் கட்டிய மாணவர் பாதியில் விலகினால், மிச்சக் காலத்துக்கான பணத்தை விகிதப்படி 10 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்கிறது அது. கோச்சிங் மையத்துக்கும் வாடகை உண்டு, ஆசிரியர் சம்பளம் உண்டு. அங்கே நியாயமாகத் தெரிந்தது ஜிம்மில் மட்டும் எப்படி அநியாயமாகும்?

வெளிநாடுகளில் நீதிமன்றங்களே இதைத் தொட்டிருக்கின்றன. இங்கிலாந்தில் 2011இல் ஆஷ்போர்ன் என்ற ஜிம் ஒப்பந்த நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், பன்னிரண்டு மாதத்துக்கு மேல் கட்டிப்போடும் சந்தாக்கள் நியாயமற்றவை என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது; எத்தனை நாள் போவோம் என்பதைச் சாதாரண மனிதர் மிகையாக மதிப்பிடுவார் என்பதையும் அத்தீர்ப்பு கணக்கில் எடுத்துக்கொண்டது. ஜெர்மனியில் 2022 ஜூலை 1 முதல், இணையத்தில் சந்தா விற்பவர்கள் அதே தளத்தில் விலகுவதற்கான பொத்தானையும் வைத்தாக வேண்டும். அதற்கு இரண்டு மாதம் முன்பு அந்நாட்டின் உச்ச நீதிமன்றம், கொரோனா முடக்கத்தில் மூடியிருந்த மாதங்களுக்கான கட்டணத்தை ஜிம் திருப்பித் தர வேண்டும், சந்தாக் காலத்தை நீட்டித்துச் சமாளிக்க முடியாது என்று சொல்லிவிட்டது. தமிழ்நாட்டிலும் 2020 மார்ச்சில் மூடிய ஜிம்கள் ஆகஸ்ட் 10ஆம் தேதிதான் திறந்தன. அந்த மாதங்களின் பணத்துக்கு இங்கே எந்தப் பொதுவிதியும் பிறக்கவில்லை. அமெரிக்காவின் அனுபவம் வேறு விதத்தில் பாடம். சேருவது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாக விலகவும் வழி வேண்டும் என்று அந்நாட்டின் வணிக ஆணையம் 2024 அக்டோபரில் விதி வகுத்தது. சந்தாக்களைப் பற்றி அந்த ஆணையத்துக்கு நாளொன்றுக்குச் சராசரியாக ஏறக்குறைய எழுபது புகார்கள் வந்துகொண்டிருந்தன. நடைமுறைக் குறை ஒன்றைக் காட்டி, விதி முழுமையாக அமலாக ஒரு வாரம்கூட இல்லாத நிலையில், 2025 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அடுத்த மாதமே ஆணையம் ஒரு பெரிய ஜிம் நிறுவனத்தின்மீது நேரடியாக வழக்குப் போட்டது. விதி விழுந்தாலும் புகார்கள் விழவில்லை.

நம்மிடமும் ஒரு தொடக்கம் இருக்கிறது. 2023 நவம்பர் 30இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அறிவித்த நெறிமுறைகள், இணையத் தளங்கள் நுகர்வோரை ஏமாற்றும் 13 உத்திகளைப் பட்டியலிட்டன. விலக முடியாமல் சிக்கவைக்கும் சந்தாப் பொறி அவற்றில் ஒன்று. ஆனால் அது திரைக்காக எழுதப்பட்டது. மீஞ்சூர் கடைவீதியில் காகித ரசீதோடு நடக்கும் அதே பொறிக்கு அது எட்டுவது கடினம். தமிழ்நாடு அரசு இந்த இடைவெளியை நிரப்ப வேண்டும். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட சந்தாவை வாங்கும் எந்த ஜிம்மும், எழுத்தில் விலகல் வந்த தேதியிலிருந்து மிச்சப் பணத்தை மாத விலைக் கணக்கில் திருப்பித் தர வேண்டும். சேர்ந்த முதல் ஏழு நாளுக்குள் விலகினால் சேர்க்கைக் கட்டணம் போக முழுப் பணமும் தர வேண்டும். இந்த விதியைத் தமிழிலும், வெளிமாநிலத் தொழிலாளர் மிகுந்த பகுதிகளில் இந்தியிலும் கவுன்ட்டரில் பெரிய எழுத்தில் எழுதிவைக்க வேண்டும். உள்ளாட்சிகள் தொழில் உரிமம் கொடுக்கும்போதே இதை நிபந்தனையாக்கலாம். மாவட்ட ஆணையத்துக்கு நியாயமற்ற ஒப்பந்தங்களை விசாரிக்கும் அதிகாரத்தை நாடாளுமன்றம் தர வேண்டும். ஊராட்சிகளில் பூங்காவும் உடற்பயிற்சிக் கூடமும் அமைக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு 2016இலேயே அறிவித்தது. துறைமுகமும் மின்நிலையமும் சூழ்ந்த ஊராட்சிகளில் ஷிப்ட் நேரத்துக்கு ஏற்பத் திறந்திருக்கும் கூடங்களை நடத்த, அங்குள்ள நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைக் கேட்டுப் பெறலாம். அருகில் ஒரு பொதுக் கூடம் இருந்தால் தனியார் ஜிம்மின் விதிகளும் தானாகத் தளரும்.

அதுவரை, கையில் ரசீதோடு நிற்கும் வாசகருக்குச் சொல்ல வேண்டியது சில. பேச்சில் விலகாதீர்கள், தேதி போட்டு எழுதிக் கொடுங்கள், அதையே வாட்ஸ்அப்பிலும் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள்: ஷிப்ட் மாற்றம், வேலை முடிந்தது, சொன்ன வசதி இல்லை. எத்தனை மாதம் போனது, மாத விலையில் எவ்வளவு போக எவ்வளவு திரும்ப வர வேண்டும் என்ற கணக்கையும் அதிலேயே போடுங்கள். ஆட்டோபே இருந்தால் அன்றே நிறுத்துங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். பல நிறுவனங்கள் அந்த நிலையிலேயே இறங்கி வரும். வராவிட்டால் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பணம் தர மறுத்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் தாக்கலாகிவிட வேண்டும்.